கிராம ஓரத்தில் 22 வரிசை வீடுகள்: பழைய இங்கிலாந்து ஊர் போல வரைவது என்றால் எதை வரைவது?

சுண்ணாம்புக்கல் · ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். க்ளோஸ்டர்ஷயரில் ஒரு சின்னக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். திருச்சியில் படித்தவன், இங்கே வந்து 9 வருடம் ஆகிறது. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்தின் ஓரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் குதிரை மேய்ச்சல் நிலத்தில் 22 டவுன்ஹோம் வரப்போகிறது. நிலத்துக்காரர் கேட்டது ஒன்றுதான்: எப்போதும் அங்கேயே இருந்தது போல இருக்க வேண்டும்.

முதல் வரைவை ஊர்ப் பொதுக்கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்தோம். தேன் நிறக் கல், கூர்மையான முக்கோண முகப்பு, வீட்டுக்கு ஒரு புகைபோக்கி, வாசலுக்கு மேலே சின்ன ஓட்டுச் சாய்ப்பு, எதையும் விடவில்லை. எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு கூரைமேல் விரலை வைத்து, "இந்தச் சின்ன முகத்துக்கு இவ்வளவு பெரிய தொப்பி எதற்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை அளவு நாடாவோடு அந்த ஊருக்கே போனேன். தேவாலயத்துக்கு எதிரே ஆறு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கின்றன. வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை ஆழம் 5.9 மீட்டர். சுவர் மட்டும் அரை மீட்டர் கனம். கூரைச் சரிவு 52 டிகிரி. என் வரைபடத்தில் வீட்டின் ஆழம் 9.4 மீட்டர், சரிவு 35 டிகிரி. அந்த அம்மா சொன்ன தொப்பி எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அலங்காரத்தில் ஒரு குறையும் இல்லை. எலும்புக்கூடே வேறு.

இந்த மாதிரி வேலை செய்தவர்கள், இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வரைவைத் திரும்பக் கொடுக்க எனக்கு ஆறு வாரம் இருக்கிறது.


அளவுநாடா · ஞாயிறு, இரவு 10.25

சார், நான் சென்னையில் உட்கார்ந்து இங்கிலாந்து வேலைகளுக்கு வரைபடம் போடும் ஆள். நீங்கள் சொல்வதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களிடம் வருவதெல்லாம் ஏற்கெனவே முடிவான வீட்டு மாதிரிகள். அதே மாதிரி கெண்ட்டுக்கும் போகும், யார்க்‌ஷயருக்கும் போகும். கெண்ட் என்றால் மாடிச் சுவரில் செம்மண் ஓட்டைத் தொங்கவிடுவோம், யார்க்‌ஷயர் என்றால் கல்லை ஒட்டுவோம். தரைப்படத்தில் கை வைக்க விடமாட்டார்கள். ஆழம் 9 மீட்டருக்குக் குறைவாக நான் வரைந்ததே இல்லை.

காரணம் சாலை. வீட்டின் அகலம் கூடினால் சாலை நீளும், சாலை நீண்டால் கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம் எல்லாம் நீளும். அதனால்தான் ஒடுங்கிய முகப்பு, நீண்ட உடம்பு. ஆழத்தைக் குறைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்தீர்களா?


சுண்ணாம்புக்கல் · திங்கள், காலை 7.40

பார்த்தேன். கணக்கை அப்படியே இங்கே வைக்கிறேன்.

ஆழம் 9.4 மீட்டர் இருக்கும் வீட்டுக்குப் பழைய சரிவான 50 டிகிரியைக் கொடுத்தால், சுவர்த் தலையிலிருந்து முகடு 5.6 மீட்டர் உயரத்தில் நிற்கும். கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை மட்டும். அதைத் தவிர்க்கத்தான் 35 டிகிரிக்குத் தட்டையாக்குகிறோம். அப்போது முகடு 3.3 மீட்டரில் முடிகிறது. இப்போது பழைய வீட்டைப் பாருங்கள்: ஆழம் 5.5 என்று வைத்துக்கொண்டால், 50 டிகிரி கொடுத்தாலும் அதே 3.3 மீட்டர்தான். உயரம் ஒன்றே, முகம் வேறு. தெருவில் நிற்பவன் கண்ணுக்கு ஒன்று கூரையாகத் தெரியும், இன்னொன்று பலகையாகத் தெரியும்.

பழைய ஆட்கள் அழகுக்காக 50 டிகிரி வைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கூரை சுண்ணாம்புக் கல்லைத் தகடாகப் பிளந்து வேய்ந்தது. கல் தண்ணீரை உறிஞ்சும், ஒரு தகடும் இன்னொன்றும் சரியாகப் பொருந்தாது. மழை நின்று யோசிக்க இடம் கொடுத்தால் உள்ளே இறங்கிவிடும், ஆகவே செங்குத்தாக வழியவிட்டார்கள். தகடுகள் வெவ்வேறு அளவில்தான் கிடைக்கும். பெரியதும் கனமானதும் கீழே இறவாரத்தில், சுவர் தாங்குகிற இடத்தில். மேலே போகப் போகச் சிறிதாகி, முகட்டருகில் உள்ளங்கை அகலத்தில் முடியும். கீழிருந்து பார்த்தால் கூரை இருப்பதைவிட உயரமாகத் தோன்றுவது இதனால்தான். வீடு ஓர் அறை ஆழத்தோடு நின்றதற்கும் இதே கனம்தான் காரணம். இந்தப் பாரத்தைத் தாங்குகிற ஓக் உத்திரம் அதற்கு மேல் நீளத்தில் சுலபமாகக் கிடைக்காது.

பைபரியில் ஆர்லிங்டன் ரோ இருக்கிறதே, எல்லா நாட்காட்டியிலும் வரும் வரிசை, அது 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டியது. 17ஆம் நூற்றாண்டில் தடுப்புப் போட்டு நெசவாளர் வீடுகளாக்கினார்கள். அங்கேயும் ஒரே ஆழம், ஒரே முகடு, அதற்குள் வீடுகள். நாம் இன்று டவுன்ஹோம் என்று சொல்வதன் கிராமத்துத் தாத்தா அது.

இனிச் செலவு. மூன்று படுக்கையறை, ஐந்து பேர், இரண்டு தளம் என்றால் தேசிய இடவசதி அளவுகோல் 93 சதுர மீட்டர் கேட்கிறது. சுவர்க் கனத்தைக் கழிக்காத தோராயக் கணக்கில் 5 மீட்டர் அகலமும் 9.4 ஆழமும் கொடுத்தால் போதும். 22 வீட்டுக்கு 110 மீட்டர் முகப்பு. பழைய ஆழத்தில் அதே பரப்பு வேண்டுமானால் 8 மீட்டர் அகலம், 176 மீட்டர் முகப்பு. நிலத்துக்காரர் எழுந்து போய்விடுவார்.

நடுவழி ஒன்று அந்த ஆறு வீடுகளின் கொல்லையிலேயே கிடைத்தது. எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒற்றைத் தளச் சாய்ப்பு ஒன்று இருக்கிறது. பாத்திரம் கழுவும் இடமாகத் தொடங்கி இன்று அடுக்களையாகிவிட்டது. அதே போல, முன்னால் இரண்டு தள உடம்பு 6.6 அகலம், 5.8 ஆழம், பின்னால் 2.6 மீட்டருக்குச் சாய்ப்பு. அதே தோராயக் கணக்கில் கூட்டினால் 93க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. முகப்பு 145 மீட்டர். இதற்கு நியாயம் கேட்க முடியும் என்று தோன்றுகிறது.


அளவுநாடா · திங்கள், காலை 8.05

சாய்ப்பு நல்ல வழி சார். நடுவில் இரண்டு சரிவும் சேரும் கூடல்வாய் வைத்து இரட்டைக் கூரை போடுவார்களே, அதற்கு மட்டும் போய்விடாதீர்கள். ஒட்டு வீடுகளில் ஒரு வீட்டுக் கூடல்வாயில் இலை அடைத்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை நனையும். அப்படி ஒரு புகார்க் கோப்பு என் மேசையில் இரண்டு வருடம் கிடந்தது.


வேலிப்பருத்தி · திங்கள், பிற்பகல் 1.15

கூரைக் கணக்கைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீனில் இருக்கிறேன். தினமும் மாலை ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் வழியாகத்தான் நடை. கட்டடக் கலை படித்தவள் இல்லை, அந்த இடத்தின் வரலாற்றை ஆசையாகத் தேடித் தேடிப் படித்தவள்.

ஹென்ரியெட்டா பார்னெட் அம்மையார் 1907இல் தொடங்கியது. ரேமண்ட் அன்வின், பாரி பார்க்கர் இருவரும் திட்டம் போட்டார்கள். வீட்டைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் தொட்டது சட்டத்தை. அந்தக் காலத்து உள்ளாட்சி விதிப்படி புதுத் தெரு என்றால் 40 அடி அகலம் இருக்க வேண்டும். அப்படி அகலமாகப் போட்டால் கிராமம் எங்கிருந்து வரும்? அதற்காகவே 1906இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து, 500 அடிக்கு மிகாத சின்னத் தெருக்களை 20 அடியில் போட அனுமதி வாங்கினார்கள். மீதமான இடத்தில் புல், மரம், வேலிச் செடி. அதே சட்டத்தில் ஏக்கருக்குச் சராசரி எட்டு வீடு என்ற வரம்பும் உண்டு.

நான் நடக்கும்போது கவனித்தது தெருமுனை. சாதாரணப் புறநகரில் முனை வீடு தெருவுக்குத் தன் வெற்றுப் பக்கச் சுவரைக் காட்டி நிற்கும். இங்கே முனையில் இரண்டு வீட்டைச் சேர்த்து மடக்கி, இரண்டு தெருவுக்கும் முகம் கொடுத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் வரிசையை உள்ளே தள்ளி மூன்று பக்கமும் வீடு, நடுவில் புல்வெளி. பேய்லி ஸ்காட் 1909இல் கட்டிய வாட்டர்லோ கோர்ட் அப்படி நாலு பக்கமும் சூழ்ந்த முற்றம். வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்காகக் கட்டியது. அதன் வளைவு நடைக்குள் நுழைந்தால் எனக்கு என் பாட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வந்துவிடும், சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் வானம்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே ஊரில் அக்கம்பக்கம் இருக்க வேண்டும் என்றுதான் அந்த அம்மா தொடங்கினார். இன்று கூலிக்காரர்களுக்கென்று கட்டிய குடில் வீட்டைக்கூட லண்டனில் யாரும் லேசில் வாங்க முடியாது. அழகாகக் கட்டிவிட்டு யார் குடியிருப்பார்கள் என்பதை எழுத்தில் கட்டாமல் விட்டால் இதுதான் நடக்கும். உங்கள் 22 வீட்டில் எத்தனை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு?


சுண்ணாம்புக்கல் · திங்கள், மாலை 6.20

அக்கா, எட்டு வீடு ஊர்க்காரர்களுக்கு, சந்தை விலைக்குக் கீழே வாடகை. அது அனுமதி ஒப்பந்தத்திலேயே வரும். ஆனால் முதல் வரைவில் அந்த எட்டும் ஒரே மூலையில் இருந்தன. அதைப் பிரித்துப் போட வேண்டும் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகு குறித்துக்கொண்டேன். முனை வீடும் குறித்தாயிற்று.


நேர்க்கோடு · திங்கள், இரவு 8.50

நான் வேறு கட்சி. மான்செஸ்டரில் கட்டடக் கலைப் பயிற்சி முடிக்கிறேன். கோபமாக எழுதவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஷாங்காய் பக்கம் சோங்ஜியாங்கில் தேம்ஸ் டவுன் என்று ஒன்றை 2006இல் முடித்தார்கள். கல் பாவிய தெரு, மரச்சட்ட வீடு, சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, பிரிஸ்டலில் இருக்கும் ஒரு தேவாலயத்தைப் பார்த்துக் கட்டிய தேவாலயம். பல வருடம் அங்கே வீடுகள் காலியாகவே கிடந்தன. கல்யாண ஜோடிகள் புகைப்படம் எடுக்க வருவார்கள், போவார்கள். பழைய முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது அதுதான்.

இன்னொரு பக்கம் நாரிச்சில் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட். மாநகராட்சி வாடகை வீடுகள், வரிசை வீடுகள், சூடாக்கும் செலவு மிகக் குறைவு, 2019இல் பிரிட்டனின் பெரிய கட்டடக் கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு வாங்கியது. தெரு அகலம் 14 மீட்டர், பழைய விக்டோரியக் காலத் தெருவைப் போல நெருக்கமாக. எதிரெதிர் வீடுகளுக்கு 21 மீட்டர் இடைவெளி என்ற வழக்கத்தை மீறி, கூரைச் சரிவைக் கணக்கிட்டுக் குளிர்கால வெயில் எதிர் வீட்டுக்குள் விழும்படி செய்தார்கள். பழைய தெருவின் அறிவு முழுக்க இருக்கிறது, பொய் முகம் இல்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? 2020களில் குடும்பம் நடத்தப்போகும் வீட்டுக்கு 1650இன் சட்டை எதற்கு? முக்கியமாக அந்தப் புகைபோக்கி. அடியில் அடுப்பே இல்லாமல் லாரியில் வந்து கிரேனில் இறங்கும் நார்க்கண்ணாடிப் பெட்டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கசக்கிறது.


சுண்ணாம்புக்கல் · திங்கள், இரவு 11.30

தம்பி, புகைபோக்கியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதை எடுத்துவிடுகிறேன்.

கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டை நேரில் பார்த்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் பழைய கிராமம் என்றால் தானாக முளைத்தது, நாம் வரைந்தால் பொய் என்கிற பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்துக் கிராமம் என்று உலகம் மனசில் வைத்திருக்கும் படத்தில் பாதி, யாரோ மேசையில் வரைந்ததுதான்.

டோர்செட்டில் மில்டன் ஆபாஸ். ஜோசப் டேமர் என்ற பிரபு தன் மாளிகைக்கு முன்னால் இருந்த ஊர் கண்ணை உறுத்துகிறது என்று இடித்துவிட்டு, சுமார் 1780இல் மலை மடிப்புக்குள் புது ஊரைக் கட்டினார். நிலத்தோட்டக் கலைஞர் கேபபிலிட்டி பிரவுனும் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸும் அதில் வேலை செய்தார்கள். சரிந்து இறங்கும் ஒரே தெரு, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை, 36 வீடு, எல்லாம் அச்சு அசல் ஒன்று போல. ஊரைப் பிடுங்கி நட்ட கொடுமையை மறக்கக் கூடாது. ஆனால் வடிவமைப்பாளனாக அந்தத் தெருவில் நின்றபோது நான் கற்றது வேறு: வீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டிய அவசியமே இல்லை. தெரு வளைகிறது, தரை சரிகிறது, அந்த இரண்டு போதும். ஒவ்வொரு படியிலும் கூரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

நேர் எதிர், பிரிஸ்டல் அருகே பிளேஸ் ஹாம்லெட். 1811இல் ஜான் நாஷ் வரைந்தது. பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்பது குடில், நடுவில் புல்வெளி. ஒன்று போல இன்னொன்று இல்லை, புகைபோக்கிகூட வேறு வேறு. பார்க்கப் பொம்மை போல அழகு. ஆனால் ஒன்பதுக்குத்தான் அது தாங்கும். 22 வீட்டுக்கு அந்த ஆட்டம் ஆடினால் கண் களைத்துப்போகும். என் முதல் வரைவில் அந்தத் தவறைத்தான் செய்திருந்தேன், நாலு வகைக் கல், மூன்று வகை சன்னல்.

உள்ளூர்க் கல்லும் உள்ளூர்ச் சரிவும் பொய் என்று எனக்குப் படவில்லை. இன்றும் அந்த ஊரில் மழை அப்படித்தான் பெய்கிறது.


நேர்க்கோடு · செவ்வாய், காலை 7.15

மில்டன் ஆபாஸ் விஷயம் எனக்குத் தெரியாது, இன்று படிக்கிறேன். ஒரே மாதிரி 36 வீடு என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு அண்ணா, எளிமை அது. பொய்ப் புகைபோக்கி போனால் என் பாதி எதிர்ப்பு போய்விடும். மீதி எதிர்ப்பை சன்னல் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.


மார்க்கம்வாசி · செவ்வாய், காலை 8.40

அண்ணை, நான் கனடாவிலை மார்க்கத்திலை, கோர்னெல் எண்ட இடத்திலை டவுன்ஹோம் ஒண்டிலை இருக்கிறன். இது இங்கிலாந்துக் கிராமம் இல்லை, ஆனா அதே யோசனையை இஞ்சத்தை ஆக்கள் எடுத்துச் செய்தது. துவானி, பிளேட்டர்-ஸைபர்க் எண்ட ஆக்கள் 90களிலை திட்டம் போட்டவை. வீட்டு முன்பக்கம் ரோட்டுக்குக் கிட்ட, வாசல்லை சின்ன விறாந்தை, கார் எல்லாம் பின்னுக்கு ஒழுங்கையிலை. சில கராஜுக்கு மேலை சின்னதா இன்னொரு வீடும் இருக்கும்.

நல்லது சொல்லுறன். முன்பக்கம் கராஜ் கதவு இல்லாத தெருவிலை நடக்கிறது ஒரு தனிச் சுகம். அம்மா விறாந்தையிலை இருந்து போறவாறவையோடை கதைக்கிறா. ஊரிலை படலையடியிலை நிண்டு கதைச்ச மாதிரி. ஸ்காபரோவிலை இருக்கேக்கை அவ வாசலுக்கே வாறேல்லை.

கஷ்டமும் சொல்ல வேணும். எல்லாரும் காராலை பின்பக்கம் வந்து பின்கதவாலை உள்ளை போயினம். முன்கதவு விருந்தாளிக்கு மட்டும் எண்டு ஆகிடுது. ஒழுங்கை ஒடுக்கம், பனி கொட்டினா வழிச்சுப் போட இடமில்லை. உங்கடை இடத்திலை பனி குறைவு, ஆனா கார் எங்கை நிக்குமோ அந்தக் கதவுதான் வீட்டின்ரை வாசல். காரைப் பின்னாலை ஒளிச்சா முன்தெரு செத்துப்போகும், பார்த்துக் கொள்ளுங்கோ.


டோர்செட்நர்ஸ் · செவ்வாய், பிற்பகல் 2.30

நான் நாகர்கோவில்காரி, டார்செஸ்டரில் நர்ஸ் வேலை. பவுண்ட்பரியில் நாலு வருஷமா குடியிருக்கேன். நீங்க எல்லாரும் இன்னும் அதை எடுக்கலையேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. சார்லஸ் மன்னர் இளவரசரா இருந்தப்போ, கார்ன்வால் டச்சிங்கிற பட்டத்து இளவரசர் எஸ்டேட் நிலத்தில் லியோன் கிரியர்ங்கிற கட்டடக் கலைஞர் போட்ட திட்டம். 1993இல் கட்ட ஆரம்பிச்சாங்க, இப்போதான் முடியுற கட்டத்துக்கு வந்திருக்கு.

தெருவில் கோடு கிடையாது, பலகை கிடையாது. தெரு கொஞ்சம் போனதும் வளைஞ்சிடும், முன்னாடி ஒரு வீடு வந்து நிக்கும். அதனால கார்காரங்க தானா மெதுவா போறாங்க. ஆனா அதே வளைவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வச்சுக்கிட்டு நடந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும், எதிரே வர்றது தெரியாது.

அப்புறம் சரளைக் கல். நடைபாதைல பல இடத்தில் அதான் போட்டிருக்காங்க. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ராத்திரி டியூட்டி முடிச்சு காலையில் வந்து ஷூவைக் கழட்டினா உள்ளே நாலு கல். வாசல் நேரா நடைபாதையில் திறக்குது, அதனால கூடம் முழுக்கக் கல். மரத் தரையில் அது கீறின கோடு இன்னும் இருக்கு. சக்கர நாற்காலிக்காரங்க படுற பாட்டை நான் தினம் பார்க்கிறேன். தயவு செஞ்சு சரளை போடாதீங்க.

நல்லதையும் சொல்லணும். ரொட்டி, மருந்து, தலைமுடி வெட்ட, எல்லாம் நடந்தே போயிடலாம். வீட்டோட கடையும் ஆபீசும் சேர்த்தே திட்டம் போட்டதால வந்தது அது. மூணுல ஒண்ணுக்கு மேல, 35 சதவீதம் வீடு, வாங்க வசதி இல்லாதவங்களுக்கு. அது எது, விலைக்கு வாங்கின வீடு எதுன்னு வெளியிலிருந்து சொல்ல முடியாது. என் பக்கத்து வீடு அப்படி ஒண்ணுன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும்.

முதல் கட்டத்தில் கட்டின சின்ன வீடுகள் பக்கம்தான் மனசு ஒட்டுது. பிற்பாடு வந்த ராணித்தாய் சதுக்கம் ரொம்பப் பெரிசு, தூண், கோபுரம்னு நகரத்து அரண்மனை மாதிரி. நடுவில் நின்னா நான் ஒரு எறும்பு.


மழைநீர் · செவ்வாய், இரவு 9.00

ரோடு, வடிகால் என் துறை. கிராமம் போல வரைந்த நிறையத் திட்டங்கள் குப்பை லாரி விஷயத்தில்தான் உடைகிறது, ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

குடியிருப்பவர் குப்பைத் தொட்டியை 30 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது, லாரி தொட்டிக்கு 25 மீட்டருக்குள் வர வேண்டும். தீயணைப்பு வண்டி வீட்டின் எந்த மூலைக்கும் 45 மீட்டருக்குள் வர வேண்டும், அதற்கு 3.7 மீட்டர் வழி வேண்டும், முட்டுச் சந்து 20 மீட்டரைத் தாண்டினால் திரும்ப இடம் வேண்டும். இவ்வளவுதான். இதைக் கேட்டதும் பலர் பயந்து 5.5 மீட்டர் சாலை போட்டு, இரண்டு பக்கம் நடைபாதை போட்டு, ஊரைப் பேட்டையாக்கிவிடுகிறார்கள். அவசியமே இல்லை. இரண்டு கார் ஒதுங்கிப் போக 4.1 மீட்டர் போதும், லாரியும் காரும் ஒதுங்க 4.8 போதும். 2007இல் வந்த தெருக் கையேட்டில் எல்லாம் இருக்கிறது, அதிகாரியிடம் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஒட்டு வீட்டில் நடு வீட்டுக்காரர் தொட்டியை எங்கே வைப்பார்? கொல்லைக்கு வழி இல்லாவிட்டால் வாசலில்தான் நிற்கும். மூன்று வண்ணத் தொட்டி, 22 வீடு, 66 தொட்டி. நீங்கள் வரையும் கல் முகப்பு அதற்குப் பின்னால்தான் இருக்கும். பழைய வரிசைகளில் நாலு வீட்டுக்கு ஒரு மூடின சந்து போகும், மேலே படுக்கையறை, கீழே கொல்லைக்கு வழி. அதைப் போடுங்கள். மேல் அறை யாருக்குச் சொந்தம் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மழைத் தண்ணீருக்கு மண்ணுக்கடியில் பிளாஸ்டிக் பெட்டி புதைப்பார்கள். வேண்டாம். நிலத்தின் தாழ்ந்த மூலையில் குளம் வெட்டுங்கள். ஊர்க் குளம் இருந்தால் கிராமம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து உயிர்ச்சூழலை 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறதே, குளமும் கலப்பு வேலியும் அதில் பெரும்பகுதியைச் சுமக்கும். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது?


சுண்ணாம்புக்கல் · செவ்வாய், இரவு 9.35

தேவாலயத்தை விட்டு விலகித் தென்கிழக்கே. மூலையில் இப்போதே கோரை முளைத்துக் கிடக்கிறது.


மழைநீர் · செவ்வாய், இரவு 9.41

அப்படியானால் குளத்தின் இடத்தை நிலமே காட்டிவிட்டது.


அளவுநாடா · புதன், காலை 6.50

சன்னல் பற்றி யாரும் பேசவில்லை. மாடிப் படுக்கையறையில் தீ வந்தால் வெளியேறும் சன்னல் வேண்டும்: திறக்கும் பகுதி 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1100க்கு மேல் போகாமல். காட்ஸ்வோல்ட்ஸ் கல் சன்னலில், சன்னலைப் பிரித்து நிற்கும் கல் குத்துக்கால்களுக்கு நடுவே கிடைப்பது அதற்கும் குறைவான அகலம். சரியாக அங்கேதான் எல்லோரும் பிளாஸ்டிக் சன்னலுக்குத் தாவுகிறார்கள்.


சுண்ணாம்புக்கல் · புதன், மாலை 5.55

கல் குத்துக்கால் வசதியானவர் வீட்டு அடையாளம். அந்த ஆறு வீட்டில் ஒன்றில்கூட அது இல்லை. மேலே ஓக் கட்டை லிண்டல், அதற்கடியில் இரண்டு கதவு மரச் சன்னல், அவ்வளவுதான். ஒவ்வொரு கதவும் 520 அகலத்துக்குப் போட்டால் விதி நிறைவேறுகிறது, நெசவாளர் வீட்டு முகமும் கெடவில்லை. சன்னலைச் சுவர் முகத்திலிருந்து 90 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைக்கிறேன். புது வீடுகள் அட்டையில் வெட்டியது போலத் தெரிவதற்கு முதல் காரணம், சன்னல் சுவரோடு சுவராக நிற்பது. நிழல் விழாத இடத்தில் கனம் தெரியாது.


கொத்துக்கரண்டி · வியாழன், இரவு 8.20

அண்ணே, நான் சிவகங்கைப் பக்கம். அப்பா சுண்ணாம்புக் கொத்தனார், செட்டிநாட்டு வீடுகளில் பூச்சு வேலை பார்த்தவர். நான் இங்கே பழைய கட்டடம் பழுது பார்க்கும் வேலையில் இருக்கேன். வரைபடம் எனக்குத் தெரியாது, சுவர் தெரியும்.

நல்ல கல்லை வாங்கிட்டு சிமெண்டு கலவையில் கட்டி, இணைப்பை விரலால வழிச்ச மாதிரி பளபளன்னு விட்டுடறாங்க. கல்லு அழகா இருந்தும் சுவர் செத்துப் போயிடும். சுண்ணாம்புக் கலவை வையுங்க, கல்லுக்கு ஒத்த நிறத்தில் மணல் தேடுங்க. கலவையைக் கொஞ்சம் தூக்கலா வச்சு விட்டுடணும். கட்டை விரலால அழுத்தினா லேசா பதியணும், ஒட்டக் கூடாது, அந்தப் பதம் வரணும். அப்போ கெட்டி முடி பிரஷை எடுத்து, இழுக்காம, குத்திக் குத்தி அடிக்கணும். மேல் தோல் உடைஞ்சு மணல் வெளியே வரும். அதுக்கப்புறம்தான் சுவர் மூச்சு விடும். எங்கப்பா இதையே தென்னை நார்க் குச்சியில் செய்வார்.

அஞ்சு டிகிரிக்குக் கீழே குளிர்னா கலவையைத் தொடாதீங்க. ராத்திரி ஈரச் சாக்குப் போட்டு மூடணும், வெறும் சாக்கு இல்லாம மேல இன்னொரு மூடாக்கும் வேணும். உறைபனி பட்டா மறுநாள் காலையில் கையால தட்டினாலே உதிரும். கட்டுறதுக்கு முன்னால ஒரு மாதிரிச் சுவர், ஒன்றரை மீட்டர் அகலம் போதும், சன்னல் மூலையோட கட்டிப் பாருங்க. வரைபடத்தைவிட அது பேசும்.


சுண்ணாம்புக்கல் · 5 வாரம் கழித்து, சனி, இரவு 10.15

கொடுத்தாயிற்று. எது தங்கியது, எது போனது என்று எழுதுகிறேன்.

22 வீடு 20 ஆகியது. இரண்டு வீட்டை விட்டுக்கொடுக்க நிலத்துக்காரரை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று கூட்டம் பிடித்தது. சாலையை 4.8க்குச் சுருக்கியதில் மிச்சமான பணத்தைக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். எல்லா வீடும் 5.8 ஆழம், பின்னால் சாய்ப்பு, 50 டிகிரிச் சரிவு. வடிவம் இரண்டே வகை. கல் முகம் ஒன்பது வீட்டுக்கு மட்டும், தேவாலயப் பக்கத்து வரிசை. மற்றவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. மலைக் கல்தகடு எங்கள் செலவுக்குக் கட்டுப்படவில்லை, கல்தூளில் வார்த்த தகடு போடுகிறோம். ஆனால் பெரியது கீழே, சிறியது மேலே என்ற அடுக்கை விடவில்லை. புகைபோக்கி ஆறு மட்டும். அவை ஆறும் செங்கல்லில் கட்டியவை, காற்றோட்டக் குழாய் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. தம்பி நேர்க்கோடு, ஒன்றுகூடக் காலி இல்லை.

காரைப் பற்றி மார்க்கம் அண்ணை சொன்னதை வைத்து நிறைய மாற்றினேன். பாதிக் கார்கள் பின் முற்றத்தில், பாதி முன்தெருவிலேயே. முன்கதவு உயிரோடு இருக்கட்டும். நடைபாதையில் சரளை இல்லை, கெட்டியாக இறுக்கிய கல்தூள்கூட இல்லை, தட்டையான கல் பாவுதான். மூடின சந்து ஐந்து. ஊர்க்காரர்களுக்கான வாடகை வீடு எட்டும் நாலு இடத்தில் பிரிந்து நிற்கின்றன. ஒன்று தேவாலயத்துக்கு நேர் எதிரே, கல் முகத்தோடு. குளம் கோரை இருந்த இடத்திலேயே. குளத்தையும் புல்வெளியையும் பராமரிக்க வீட்டுக்காரர்கள் வருடச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். ஊர் மன்றம் ஏற்றுக்கொண்டால் அது குறையும், அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்கும் அந்த அம்மா வந்திருந்தார். கூரையைப் பார்க்கவே இல்லை. வரைபடத்தில் தன் வீட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே கல்லறைத் தோட்டம் வரை விரலால் கோடு இழுத்தார். கணவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அவர் நடந்து போகும் ஒற்றையடிப் பாதை. என் படத்தில் அந்தக் கோடு இரண்டு வீட்டுக் கொல்லையை வெட்டிக்கொண்டு போனது. அந்த இடத்தில் மூடின சந்து ஒன்றை இரண்டு வீடு தள்ளி வைத்து, பாதையை அதன் வழியாக விட்டிருக்கிறேன். கொல்லை ஒன்று ஒடுங்கிப்போனது, பரவாயில்லை.

கொத்துக்கரண்டி அண்ணே, மாதிரிச் சுவர் அடுத்த வியாழன் எழுப்புகிறோம், சன்னல் மூலையோடு. இரவு 6 டிகிரி என்று வானிலை சொல்கிறது. வர முடியுமா? பிரஷ் என்னிடம் இல்லை, வரும்போது உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்.


கொத்துக்கரண்டி · சனி, இரவு 10.40

வர்றேன் அண்ணே. சாக்கு மட்டும் பத்து எடுத்து வையுங்க.